கலுங்குக்குக் கிழக்கே

தம்பி,

நேற்று மத்தியானம் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்துக்குப் போய், உன் ஊர்ப் புத்தகத்தை அடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வந்தது நான்தான். அப்பா இல்லை, மிதாலி வீட்டார் இல்லை. அச்சகக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பௌதி, செலே ஜானே தோ?" பையனுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். தெரிந்துகொள்வான் என்றேன். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, தாம்பூலப் பை ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம் போட வேண்டும், இந்த நேரத்தில் அம்மாவுக்கு என்ன வந்தது என்று நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு குதிப்பாய். குதி. போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும். ஆகட்டும், எழுத்துக்கூட்டியாவது படி.

இந்தப் புத்தகம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நிச்சயம் பேச மிதாலியின் அப்பாவும் அம்மாவும் பாலிகஞ்சிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்களே, அன்றைக்கு. சந்தேஷ் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு அவர் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தேஷேர் பாடி கோத்தாய்?" சொந்த ஊர் எது என்று. கொல்கத்தாவில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். நீ தமிழ்நாடு என்றாய். அவர் சிரித்துக்கொண்டே, தமிழ்நாட்டில் எங்கே என்றார். நீ அப்பாவைப் பார்த்தாய், அப்பா டீயைப் பார்த்தார். அப்புறம் அந்த மனுஷர், பிரிவினையில் எல்லைக்கு அப்பால் போய்விட்ட, தான் கண்ணால்கூடப் பார்க்காத தன் அப்பாவின் கிராமத்தைச் சொன்னார் பார், எத்தனை குளம், எந்தக் குளத்துக்கு என்ன பெயர், மழைக்காலத்தில் எந்த வழியாகப் படகு வரும் என்று. உனக்கு முகம் சுண்டிப்போனது. என் பிள்ளை இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்கும் வருத்தம்தான், அதை மறைக்கவில்லை.

அன்றிலிருந்து உனக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தப்பில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்டாய்? அப்பாவிடம். அவர் பத்தொன்பது வயசில் கிடர்பூர் துறைமுகத்தில் வேலைக்கு வந்தவர். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்மாயில் நீச்சல் அடித்ததும் திருவிழாவில் கிடாக்கறி சாப்பிட்டதும்தான். பெங்களூர் திரும்புவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாய். மதுரையில் இருக்கும் சித்தப்பாவை வீடியோவில் பிடித்தாய். அந்த மூன்று ஞாயிறும் நான் பத்தடி தள்ளி சமையல்கட்டில் நின்றேன். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அம்மா, சாப்பாட்டுல இட்லி வைக்கலாமா, அவங்க சாப்பிடுவாங்களா?" என்று கேட்டாய். அடேய், உன் அப்பாவுக்குத் துறைமுகக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை மூன்று வருஷம் அவர் ஊரான அந்த ஆவரங்குண்டில் மாமியார் இல்லாத வீட்டில் ஒற்றை மருமகளாகக் குடம் சுமந்தவள் நான். பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊர் என்பார்கள். அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவள் மறுபடி பிறந்த வீட்டு மானாமதுரைக்காரி ஆகிவிடுவாள். நல்ல நியாயம்!

சரி, நீ கேட்காததை இப்போது சொல்கிறேன். அச்சகத்திலிருந்து வந்த ப்ரூஃபில் உன் வரைபடத்தைப் பார்த்தேன், வடக்கே கண்மாய் இருக்கிறது, சரிதான். கரை கிழமேலாக ஓடுகிறது, அதுவும் சரி. கரைக்குத் தெற்கே மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, மேற்கே ஊருணி, ஊருணியை ஒட்டிக் கோயில், ஊருக்குத் தெற்கே வயல். கரையின் கிழக்கு முனையில் கலுங்கு, கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கற்கட்டு. அங்கிருந்து ஓடை கிளம்பிக் கீழத்தெருவுக்குப் பின்னால் தெற்கே போகிறது. அழகாக நீல மையில் போட்டிருக்கிறாய். ஓடைக்குக் கிழக்கே என்ன போட்டிருக்கிறாய்? ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள். நீ சாட்டிலைட் படத்தின் மேல்தானே கோடு இழுத்தாய், அங்கே கூரை கூரையாகத் தெரியவில்லையா? தெரிந்தது. "இது என்னப்பா?" என்று நீ கேட்டதும், "அது நம்ம ஊர்ல வராது" என்று அவர் சொன்னதும், நீ பேனாவை ஓடையோடு நிறுத்தியதும் சமையல்கட்டுவரை கேட்டது. அப்போதே நான் வெளியே வந்து கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் ரசம் கொதிக்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஓடைக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பு இருந்தது. இப்போதும் இருக்கிறது. நம் தெருக்களில் அதற்குப் பெயரே கிடையாது, "அந்தப்பக்கம்" என்பார்கள், அவ்வளவுதான். கல்யாணமாகிப் போன முதல் வாரமே உன் தாத்தா எனக்குச் சொன்ன ஊர்ப் பூகோளம் ஒரே வரி, "கெழக்க மட்டும் போயிராத ஆத்தா." வயலில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், கண்மாயில் வண்டல் அள்ளிக் கரையில் கொட்டியவர்கள், இரவு பகலாக மடையைக் காத்தவர்கள் எல்லாரும் அந்தப்பக்கத்து ஆட்கள். ஊருணியில் அவர்கள் குடம் இறக்கக் கூடாது. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்கள். நீ என்ன எழுதியிருக்கிறாய்? ராஜா காலத்தில் ஏழு குடும்பம் மேற்கேயிருந்து வந்து கண்மாயை வெட்டியதாம். உன் தாத்தா எனக்குச் சொன்னபோது அது ஒன்பது குடும்பம், அது கிடக்கட்டும். ஏழு குடும்பம் சேர்ந்து அவ்வளவு பெரிய கண்மாயை வெட்டுமா? இன்ஜினியரிங் படித்தவன்தானே நீ? மண்ணை யார் சுமந்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? படிக்கும்போது தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினால் தாத்தா வீட்டுப் படம். தேக்குத் தூண், ஓட்டு முகப்பு. கீழே, "நான் பிறந்த பூர்வீக இல்லம்". தம்பி, நீ அந்த வீட்டில் பிறக்கவில்லை. இதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை, உன் அப்பாவும் சொன்னதில்லை. அந்த வருஷம் கார்த்திகையில் பேய்மழை. கலுங்கு பாய ஆரம்பித்து மூன்றாம் நாள் விடிகாலையில் எனக்கு வலி கண்டது. பரமக்குடி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள், ரோடு அறுத்துக்கொண்டு கிடக்கிறது என்று வண்டி பாதியில் திரும்பிவிட்டது. அந்தப்பக்கத்தில் காளியம்மா என்று ஒருத்தி இருந்தாள், பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரி. யாரோ ஓடைக்கரையில் நின்று கத்தினார்கள். அவள் இடுப்பளவு வெள்ளத்தில், கையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். வந்தவளை வீட்டுக்குள் விட முடியாது என்றார் உன் தாத்தா. அவள் உள்ளே வர முடியாதென்றால் நான்தானே வெளியே போக வேண்டும்? வலியோடு என்னைக் கைத்தாங்கலாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். மாட்டுக் கொட்டிலில் ஒரு பசுவைக் கழற்றி வெளியே கட்டிவிட்டு, வைக்கோல் பரப்பி, அதில்தான் நீ பிறந்தாய். கொடி சுற்றிக்கொண்டு பிறந்தாய். காளியம்மா உன்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நீ அழுத பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். தாகமாக இருக்கிறது தாயி என்றாள். கொட்டிலில் மாடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் உன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து சித்தப்பா அனுப்பிய பழுப்புத் தாளைப் படம் பிடித்து அட்டையில் போட்டிருக்கிறாய். "எங்கள் தாத்தா தன் கையால் எழுதிய ஊர் விவரம்". அப்பா வாசிக்க வாசிக்க நீ இங்கிலீஷிலும் பெங்காலியிலும் மாற்றினாயாம். உன் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், அது தாளின் அடியில் இருக்கிறது பார், கோணல்மாணலாக. மேலே இருக்கிற அத்தனையும் என் எழுத்து. மூன்று வருஷம் வாரம் தவறாமல் அதே எழுத்தில் கிடர்பூருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், உன் அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. சொன்னதும், "அட, ஆமா!" என்கிறார். இந்த மனுஷரை என்ன செய்வது?

அது எப்படி எழுதப்பட்டது என்று கேள். நீ பிறந்த அடுத்த கோடை. யூனியன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்திருந்தார், ஊரில் எத்தனை தெரு, எங்கெங்கே ஆள் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் குடிதண்ணீர்க் குழாய் வரும் என்றார். எஸ்எஸ்எல்சி பாஸ் செய்த மருமகள் வீட்டில் இருக்கிறாள் என்று தாத்தாவுக்கு ஒரே பெருமை, "நீயே எழுது ஆத்தா" என்று கூப்பிட்டார். ஒரு கையால் உன்னை மடியில் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினேன். நீ காலை உதைத்ததில் மைப்புட்டி சாய்ந்தது. அட்டையில், "காலத்தின் கறை படிந்த ஆவணம்" என்று எழுதியிருக்கிறாயே, அது காலத்தின் கறை இல்லையடா, உன் இடது குதிகால்.

தெருக்களை எழுதி முடித்ததும் நான் கேட்டேன், "மாமா, அந்தப்பக்கம்?" அவர் ஆபீசர் காதில் விழாதபடி சொன்னார், "வர்றதே ரெண்டு கொழா. அதை எழுதினா ஒண்ணு அங்கிட்டுப் போயிரும்." நான் எழுதவில்லை. அதோடு விட்டிருந்தால்கூட, பெரியவர் சொன்னார், சின்னவள் கேட்டாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் தாள் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. எழுதியது அரைகுறையாக நிற்கிறதே என்று தோன்றியது. நல்ல தமிழில் ஒரு வரி சேர்த்தேன், "கிழக்கே கலுங்கு, அதற்கு அப்பால் குடியிருப்பு ஏதும் இல்லை." அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாக எழுதினேன். ஆபீசர் வாசித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. உன்னைக் காப்பாற்றியவள் வீட்டை, நீ என் மடியில் இருக்கும்போதே, பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஒரே வரியில் அழித்துவிட்டேன். இப்போது அந்த வரியை நீ மூன்று பாஷையில் போடப் போகிறாய்.

ஒரு குழாய் கோயில் வாசலுக்கு வந்தது, இன்னொன்று நடுத்தெருவுக்கு வந்தது. நாம் கொல்கத்தா வந்துவிட்டோம். உனக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒரு விசேஷத்துக்காக ஊருக்குப் போனோம். திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்கிறோம், எதிரே காளியம்மா வருகிறாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, இரண்டு குடம். உன்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "தாயி, இது நம்ம கார்த்திகை மழைப் பிள்ளையா?" என்று சிரித்தாள். இத்தனை தூரத்திலிருந்தா தண்ணி எடுக்கிறாய், குழாய் வரலையா என்று கேட்டேன். கேட்டேனடா, இந்த வாயால்! "எங்கிட்டு தாயி? லிஸ்டுல எங்க பேரு இல்லையாம்ல. ஆபீசரு விட்டுப்புட்டாரு போல" என்றாள். பஸ் வந்தது. ஆபீசர் இல்லை காளியம்மா, நான்தான் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவள் குடத்தோடு நின்று, பஸ் திரும்பும்வரை உனக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கொல்கத்தாவில் பக்கத்து வீட்டு மாஷிமாக்கள் தேஷேர் பாடி எங்கே என்று கேட்கும்போதெல்லாம் மெட்ராஸ் பக்கம் என்று சொல்லி நழுவியவளும் நான்தான். உனக்கு ஊர் தெரியாததற்கு அப்பா மட்டும் காரணம் இல்லை. உன்னை அங்கே கூட்டிப்போனால் காளியம்மா எதிரே வருவாளே என்று பயந்து, லீவுக்கு லீவு மானாமதுரைக்கே கூட்டிப்போனேன். உன் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேல் வர வேண்டியது. தெரியும். மீதிப் பாதி உன் மேல்தான், அதில் ஒரு துளி குறைக்க மாட்டேன்.

அச்சகத்தை நிறுத்திய பிறகு சித்தப்பாவை நச்சரித்து ஒரு நம்பர் வாங்கினேன். காளியம்மா மகள் சரசு இப்போது அந்த வார்டு மெம்பர். இன்று காலை கூப்பிட்டேன். கல்கத்தாவிலிருந்து பெரியவர் வீட்டு மருமகள் பேசுகிறேன் என்றதும், "அக்காவா! தம்பி நல்லாருக்கா?" என்றாள். அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டதாம். எனக்கு அதுகூடத் தெரியாது. அழுதால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"தெரிஞ்சேவாக்கா எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான் சரசு."

"எங்கம்மா இடுப்பு அந்தத் தண்ணி தூக்கித் தூக்கித்தான் போச்சு. கடைசி ரெண்டு வருசம் எந்திரிக்கவே இல்ல." "இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

மன்னித்துவிடு என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் பரவாயில்லைக்கா என்று சொல்ல வேண்டிவரும், அந்த வேலையையும் அவள் தலையில் ஏற்றக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன். தம்பி ஊரைப் பற்றிப் புத்தகம் போடுகிறான், அந்தப்பக்கத்து வீடுகளையும் சேர்க்க வேண்டும், அதற்குத்தான் என்றேன்.

"எங்களுக்கு நீங்கதான்க்கா அந்தப்பக்கம்" என்றாள், கோபமில்லாமல்தான் சொன்னாள். "எங்க ஊருக்குப் பேரு புளியடி. பேனா இருக்கா? எழுதுங்க. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்றேன்."

கலுங்கிலிருந்து தெற்கே வரிசையாகச் சொன்னாள். எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, புளியமரம் எங்கே, அம்மா தோண்டிய ஊற்று ஓடையில் எந்த வளைவில் இருந்தது, மடைகாத்த கிழவனைப் பாம்பு கடித்த இடம் எது, கரை உடைந்த வருஷம் கோணிச் சாக்கில் மண் கட்டி அடைத்தவர்கள் யார் யார். ஒரு வீட்டை நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். அவள் கவனித்துவிட்டாள், "மொதல்லேருந்து சொல்றேன்" என்று மறுபடி ஆரம்பித்தாள். முடித்ததும், "படிச்சுக் காட்டுங்க" என்றாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு, "ம், சரியாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

அந்த நாலு பக்கத்தையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அட்டையில் பழைய தாள் அப்படியே இருக்கட்டும், ஆனால் எழுதியது தாத்தா இல்லை, உன் அம்மா என்று போடு. பெயரோடு போடு. அந்தக் கடைசி வரி பொய் என்று அதன் கீழேயே போடு. உள்ளே புளியடி வரட்டும், வீட்டுப் படத்துக்குக் கீழே மாட்டுக் கொட்டில் வரட்டும். உன் அப்பாவும் சித்தப்பாவும் மானம் போகிறது என்பார்கள். மிதாலி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று உனக்கும் உதறும். இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்கு அவள் அப்பா குளம் குளமாக அடுக்கினாரே, அப்போது பக்கத்தில் அவள் அம்மா எதையோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள், நீ பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் அவளிடம் உட்கார்ந்து கேள். வீட்டுக்கு வருகிறவளிடமும் கேட்டுப் பழகு. சரசுவுக்குக் கல்யாணப் பத்திரிகையை உன் கையால் எழுதி அனுப்பு, விலாசத்தில் ஊர்ப் பெயர் புளியடி.

பழைய தாளை நான் எழுதியபோது நீ மடியில் கிடந்த குழந்தை, உனக்குப் பாவமில்லை. இப்போது உனக்கு எல்லாம் தெரியும். அச்சகக்காரர் சனிக்கிழமைவரை காத்திருப்பார். இதையெல்லாம் சேர்க்க உனக்கு மனசில்லை என்றால் தாம்பூலப் பையில் தேங்காய் மட்டும் இருக்கட்டும்.

அம்மா